கணிப்பொறியும் அதன் துபாஷிகளும்



வெவ்வேறு மொழி பேசும் இருவர் வாணிபம் செய்த காலத்தில், இடையே நின்று ஒருவர் பேச்சை மற்றவருக்கு எடுத்துரைத்தவரைத் துபாஷி என்று அழைத்தார்கள். இரு மொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் துரையிடம் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றி நீங்கள் சரித்திரப் பாடத்தில் படித்திருக்கலாம். துரை மாறினால் புதிய துரையின் பேச்சும் வழக்கமும் துபாஷிக்குப் புரிந்தாக வேண்டும். புரியாவிட்டால், துரையிடமும் குறையில்லை, வணிகரிடமும் குறையில்லை. ஆனாலும் காரியம் கெட்டுவிடும். கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய துபாஷிகள் உண்டு. அவர்கள் தவறினால் என்ன நேரும், அப்போது நாம் செய்யத்தக்கது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கணிப்பொறியின் எல்லா வேலைகளையும் மேற்பார்வை செய்யும் தலைமை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் என்பது அவ்வகையைச் சேர்ந்தது. அச்சுப்பொறி, திரை, ஒலிபெருக்கி, வைஃபை கருவி ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு கம்பெனியாரால் வெவ்வேறு முறையில் செய்யப்பட்டவை. அவை அனைத்தின் நுட்பத்தையும் இயங்குதளம் தானே அறிந்திருத்தல் இயலாது. ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சிறு மென்பொருள் துணை நிற்கிறது. அதனை டிரைவர் என்கிறோம். ‘இந்தப் பக்கத்தை அச்சிடு’ என்று இயங்குதளம் பொதுவாக ஆணையிட, டிரைவர் அதனை அந்த அச்சுப்பொறிக்கு விளங்கும் குறிகளாக மாற்றி உரைக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நாம் கடிதம் எழுதும் மென்பொருள் பழுதுற்றால் அது மட்டும் நின்றுவிடும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். டிரைவர்களில் பலவோ இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலுக்குள்ளேயே புகுந்து, அதற்குரிய அதிகாரத்தோடு வேலை செய்கின்றன. ஆதலால் அங்கே நேரும் ஒரு சிறு பிழை கணிப்பொறி முழுவதையும் நிறுத்திவிடக்கூடும். 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் உலகெங்கும் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறியது நினைவிருக்கும். கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர், பிழையான ஒரு கோப்பைப் படித்ததே அதற்குக் காரணம். ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் அதனால் செயலிழந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது.

இனி எங்கள் ஊர் வாசகசாலையில் நடந்ததைச் சொல்கிறேன். விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்டு வந்த வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், வாசகசாலைக் கணிப்பொறியை விண்டோஸ் 11க்கு உயர்த்த முனைந்தோம். அதற்கு வேண்டிய தகுதிகள் யாவும் கணிப்பொறிக்கு இருப்பதை முன்பே சோதித்திருந்தோம். எனினும் பாதி வழி சென்றதும் திரை அசையாமல் நின்றது. பின்பு கணிப்பொறி தானாகவே அணைந்து எழுந்து, பழைய விண்டோஸ் 10க்கே திரும்பிவிட்டது. மறுமுறை முயன்றோம், அதே கதிதான். இருமுறையும் திரையில் ஏதோ எண்கள் தோன்றின. நான் அவற்றைப் படியாமலே மூடிவிட்டேன். வினாத்தாளைப் படித்த பிறகே விடை எழுதுங்கள் என்று ஆயுள் முழுவதும் மாணவருக்குச் சொன்னவன் நான்!

பழுது பார்ப்பவரை அழைத்தோம். “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் சரியாகும்” என்று அவர் கூறினார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இருந்த 11 மாணவர்களின் வருமானச் சான்றுகளும் மதிப்பெண் பட்டியல்களும் அந்தக் கணிப்பொறியில்தான் இருந்தன. விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. அவ்வேளையில், முன்பு என்னிடம் பயின்று இப்போது கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞன் வந்தான். “ஐயா, பழைய விண்டோஸ் நன்றாகத்தானே ஓடுகிறது? முதலில் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்வோம். பிறகு கணிப்பொறி என்ன சொல்கிறது என்று படிப்போம்” என்றான். அவ்வாறே கோப்புகளை ஒரு தனி வட்டில் பிரதி எடுத்து, அவை திறக்கின்றனவா என்றும் பார்த்துக்கொண்டோம். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் முறை முயன்று, தோன்றிய எண்களைத் தாளில் குறித்தோம். முதற்பகுதி சி1900101, இரண்டாம் பகுதி 30018. முதற்பகுதி, உயர்த்தும் பணி தோற்றுப் பழைய நிலைக்குத் திரும்பியதைக் குறிப்பது. பெரும்பாலும் டிரைவரின் கோளாறினால் வருவது. இரண்டாம் பகுதியின் முதல் இலக்கம், பணி எந்தக் கட்டத்தில் தடைப்பட்டது என்பதைக் காட்டும். இப்பணிக்குக் கட்டங்கள் நான்கு: பழைய தளத்திலிருந்தபடியே ஆயத்தம் செய்தல், இடைக்காலத் தளம் ஒன்றில் நின்று புதிய கோப்புகளை அமைத்தல், புதிய தளம் முதன்முறை எழுதல், இரண்டாம் முறை எழுந்து நிறைவுறல். எங்களுக்கு வந்த இலக்கம் 3. அதாவது புதிய தளம் முதன்முறை கண்விழித்தபோது ஏதோ ஒரு டிரைவர் மறுமொழி கூறாமல் நின்றுவிட்டது. புதிய துரை வந்து கேட்கிறார். பழைய துபாஷி வாய் திறக்கவில்லை!

அந்தத் துபாஷி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். விசைப்பலகை, சுட்டி, திரை ஆகிய மூன்றை மட்டும் விட்டு, மற்றக் கருவிகளைக் கழற்றிவிட்டு முயன்றோம். அப்போதும் தோல்வியே. கருவியைக் கழற்றினாலும் அதன் டிரைவர் வட்டிலேயே தங்கியிருக்கும் என்பதை அந்தத் தோல்வி எங்களுக்குக் கற்பித்தது. பின்னர், உயர்த்தும் பணியின்போது விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பேடுகளை ஆராய்ந்தோம். அவற்றை ஆராய்ந்து காரணம் கூறுவதற்கென்றே செட்டப்டயாக் என்னும் இலவசக் கருவியை மைக்ரோசாஃப்ட் அளிக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் மலிவாக வாங்கிய ஒரு வைஃபை கருவியின் டிரைவரே குற்றவாளி என்பது தெளிவாயிற்று.

டிவைஸ் மானேஜர் என்னும் பகுதியைத் திறந்து, மறைந்துள்ள கருவிகளையும் காட்டுமாறு செய்து, அந்த டிரைவரைக் கோப்போடு நீக்கினோம். இணையத்தைக் கம்பி வழியாக இணைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கினோம். இம்முறை நான்கு கட்டங்களும் தடையின்றி முடிந்தன. பிறகு வைஃபை கருவியைப் பொருத்தியபோது, புதிய விண்டோஸ் அதற்கேற்ற வேறு டிரைவரைத் தானே தேடிக்கொண்டது. 11 விண்ணப்பங்களும் காலத்தோடு சென்று சேர்ந்தன.

இத்தகைய இடர் புதிதன்று. 2007ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு வந்தபோது, திரைக்கு உரிய டிரைவர்களின் அமைப்பே மாற்றப்பட்டிருந்தது. அதற்கேற்ற டிரைவர்கள் உரிய காலத்தில் ஆயத்தமாகாமையால் பலர் இன்னலுற்றனர். அரசன் மாறும்போது அரண்மனைப் பணியாளரும் புது முறை பயில வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ கல்லூரியிலோ இந்நிலை நேர்ந்தால் சில நெறிகளை நினைவிற் கொள்ளுங்கள். உயர்த்தத் தொடங்குமுன்பே கோப்புகளைப் பிரதி எடுங்கள். கணிப்பொறியைச் செய்த கம்பெனியாரின் தளத்திலிருந்து புதிய டிரைவர்களைப் பெற்று அமையுங்கள். தேவையற்ற கருவிகளைக் கழற்றுங்கள். வேறு கம்பெனியாரின் வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் தற்காலிகமாக நீக்குங்கள். அதுவும் கெர்னலுக்குள் டிரைவர் வைத்திருப்பது. தோல்வி நேர்ந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றாமல், ஒன்றை மாற்றிச் சோதியுங்கள். அன்றேல் நோய் தீர்ந்தாலும் தீர்த்த மருந்து எதுவென்று தெரியாது. புதிய தளம் அமைந்த பிறகு தொல்லை கண்டால், பொதுவாக 10 நாட்களுக்குள் பழைய தளத்துக்குத் திரும்பும் வழியும் உண்டு. அனைத்தையும் அழித்தல் என்பது இவையாவும் பயனற்றுப் போன பின்னர் நாடும் கடைசி வழி.

நோயின் முதற்காரணத்தை நாடிய பின்னரே மருந்து கொடுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. யந்திரத்துக்கும் அது பொருந்தும். தோல்வியுற்ற யந்திரம் ஊமையன்று. அது காரணத்தை எழுதியே வைக்கிறது. அதைப் படிக்கும் பொறுமைதான் நமக்கு வேண்டும். அந்தப் பொறுமையை ஓர் ஆசிரியன் தன் மாணவனிடம் கற்றுக்கொண்டான் என்பதை மகிழ்ச்சியோடு கூறி முடிக்கிறேன்.