மண் சுவருக்கு எந்தச் சாந்து?

வத்தலக்குண்டுப் பக்கம் பழைய மண் வீட்டை விதை வைக்கிற அறையாகவோ மாட்டுக் கொட்டமாகவோ வச்சிருக்கிற உழவர்கள் உண்டு. சுவர் மழையில் கரையுதேன்னு சிமெண்டு பூசுறோம். சில மழைக்காலம் போனதும் பூச்சைத் தட்டினால் டொப்புன்னு வெறுஞ்சத்தம் கேட்கும். அப்புறம் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். பழி கொத்தனார் மேல. கோளாறு பெரும்பாலும் சாந்தில் இருக்கு.

மண் சுவர் ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சிமெண்டு அதோடு சேர்ந்து அசையாது. தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தை எளிதில் வெளியே விடவும் செய்யாது. அந்த ஈரம் பூச்சுக்குப் பின்னால் தேங்கி ஒட்டை விடுவித்துவிடும். அப்படிப்பட்ட அறையில் விதைநெல் வச்சால் பூஞ்சணம் பிடிக்காமல் என்ன செய்யும்? ஒட்டுகிற சாந்து சுவரை விடக் கெட்டியாக இருக்கக் கூடாது.

சுண்ணாம்பு இதற்குப் பொருத்தம். சுமார் 900 டிகிரி வெப்பத்தில் காளவாசலில் சுட்ட கல்லை நீற்றிப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடி கல்லாகும். நுண்துளை இருப்பதால் ஈரம் வெளியேறும்.

“தண்ணி பட்டா தாங்குமா?”ன்னு கேட்பீங்க. வெறும் சுண்ணாம்பு தண்ணீருக்குள் இறுகாது. சுட்ட செங்கல் தூள், அதாவது சுர்க்கி, சேர்த்தால் இறுகும். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பு-சுர்க்கிக் கலவையில் எழுந்ததுதான். 1979-க்குப் பிறகு அதைக் கான்கிரீட்டால் பலப்படுத்தினார்கள் என்பதையும் சொல்லணும். அந்தத் தண்ணீர்தான் வைகை வழியா நம்ம பேரணைக்கு வருது.

வேலைக்கு வருவோம். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் போடாமல் இறங்காதீங்க, பிள்ளைகளையும் கன்றுகளையும் கிட்ட விடாதீங்க. நீற்றியதைச் சலித்து, குறைந்தது இரண்டு வாரம் தண்ணீர் மூடி ஊற விடுங்க, கூடக்கூட நல்லது. இடித்த கடுக்காயையும் வெல்லத்தையும் தனியாக ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை வடிகட்டிச் சாந்து குழைக்கச் சேர்ப்பது நம்ம ஊர் வழக்கம். கடுக்காய் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூணு பங்கு. மழை நேரா அடிக்கிற சுவருக்கு மணலில் கொஞ்சம் குறைத்துச் சுர்க்கி சேருங்க.

பூச்சு பிடிக்கிறதும் விடுறதும் சுவரைத் தயார் பண்றதில்தான். பழைய சிமெண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் முழுக்கக் கொத்தி எடுக்கணும். உதிர்கிற மண்ணைச் சுரண்டி, சிறு குழிகள் கொத்தி, தூசி தட்டி, தண்ணீர் தெளிங்க. காய்ந்த சுவர் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும்; ஒட்டாது. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் காயாமல் பாருங்க. சித்திரை வெயிலில் இந்த வேலை ஆகாது.

மாடி வீட்டுக் கூரைக்கும் தூணுக்கும் இது மாற்று இல்லை, அங்கே கான்கிரீட்தான். கூலியும் நாளும் கூடும், சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேடவும் வேணும். மழை அடிக்கிற பக்கத்தில் ஒரு முழம் சதுரம் பூசி, ஐப்பசி கார்த்திகை தாண்டுதான்னு பார்த்துட்டு மீதியைத் தொடங்குங்க.