பயிர்நோய் அறியக் கணினித் துணை

மாத்தளை மாவட்டத்தில் தம்புள்ளை, கலேவெல, நாவுல முதலிய இடங்களில் நெல்லும் காய்கறியும் செய்யும் அனுபவமிக்க கமக்காரர், பயிர் மஞ்சளித்தால் அதன் காரணத்தைப் பெரும்பாலும் பார்த்தே அறிவர். புதிதாகக் கமத்தொழிலில் இறங்கியோருக்கோ மஞ்சளித்த பயிரெல்லாம் ஒன்றாகவே தோன்றும். பொருந்தாத மருந்தைத் தெளித்து அவர்கள் பணத்தையும் விளைச்சலையும் இழக்கின்றனர்.

இக்குறையை நீக்கும்பொருட்டுப் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் முதலியவற்றுடன் சேர்ந்து 'ரைஸ் டொக்டர்' என்னும் கணினிக் கருவியை ஆக்கியது. கைத்தொலைபேசிக்கும் அமைக்கப்பட்ட இக்கருவி, பாதிக்கப்பட்ட பகுதி எது, அடையாளம் யாது என்று கேட்கும். நாம் அளிக்கும் விடைகளுக்குப் பொருந்தாத நோய்களையும் பீடைகளையும் விலக்கி, எஞ்சியவற்றைப் படங்களுடன் காட்டும்.

அனுபவமுள்ளவர் வயலில் நோக்குவனவும் இவையே:

1. முதிர்ந்த கீழிலைகள் முதலில் மஞ்சளித்து வளர்ச்சி குன்றினால், நைதரசன் குறைபாடாக இருக்கலாம்.

2. இருமுனையும் கூரியனவாய், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் கபில நிறமும் உள்ள இலைப்புள்ளிகள் எரிபந்த நோயின் அறிகுறியாகும்.

3. வயலில் பயிர் வட்டவட்டமாகக் காய்ந்தால், அடித்தண்டை விரித்துப் பார்க்கவேண்டும். கபிலநிறத் தத்திகள் அங்கிருந்தே சாற்றை உறிஞ்சும்.

4. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சியையும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியையும் இலையின் அடிப்பக்கத்தில் தேடவேண்டும்.

இவற்றைப் பிரித்தறியாவிடின் நட்டம் பெரிது. எரிபந்த நோயுள்ள வயலுக்குக் குறைபாடென்று எண்ணி யூரியா இட்டால் நோய் மேலும் பெருகும். தேவையின்றிப் பூச்சிகொல்லி தெளித்தால், தத்தியை உண்ணும் சிலந்திகள் மடிந்து தத்தி பின்னர் பன்மடங்காகும்.

கருவியைப் பயன்படுத்துவோர் வயலின் பல இடங்களில் பயிரைப் பிடுங்கிப் பார்த்து, தாம் கருதும் காரணத்தை முதலில் தாமே கூறவேண்டும். பின்னரே கருவியின் முடிவோடு ஒப்பிடவேண்டும். இரண்டும் வேறுபட்டால் மீண்டும் பயிரை நோக்குக. இவ்வாறு சில போகங்கள் பழகினால், கருவி கேட்கும் கேள்விகளைக் கமக்காரர் தாமே கேட்கக் கற்றுக்கொள்வர். ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படுவோர் வீட்டுப் பிள்ளைகளின் உதவியைப் பெறலாம்.

தவறாகப் பார்த்துக் கூறிய விடைக்குக் கருவியும் தவறான முடிவையே தரும். ஆகவே, மருந்து வாங்குமுன் பாதிக்கப்பட்ட பயிரை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்; அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை கேளுங்கள். பயிரின் வயது, அடையாளம் தோன்றிய நாள், இட்ட பசளை ஆகியவற்றை முன்னரே குறித்துவைத்தால் சரியான ஆலோசனையை விரைவில் பெறலாம்.