கோலப் புள்ளியும் கணினிப் புள்ளியும்

பெங்களூரு நகரத்தின் வடகிழக்கில் இருக்கிறது லிங்கராஜபுரம். ஹென்னூர் சாலை அந்த வழியாகத்தான் போகிறது. கன்னடம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்கிறார்கள்.

அங்கே ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அம்மா கார்மெண்ட் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறார். முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். மகள் பி.யூ.சி. முடித்துவிட்டாள். நன்றாகப் படம் வரைவாள்.

ஒருநாள் மகள் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்தாள். "அம்மா, டிஜிட்டல் கிராபிக்ஸ், கணினி அனிமேஷன், மெய்நிகர் வடிவமைப்பு எல்லாம் சொல்லித் தராங்களாம். நான் சேரட்டுமா?" என்று கேட்டாள்.

தாளின் அடியில் கட்டணம் போட்டிருந்தது. அதை அம்மாவே படித்தார். திகைத்துப் போனார்.

"பொம்மைப் படம் போடறதுக்கு இவ்வளவு பணமா? கம்ப்யூட்டர்தான் எல்லாத்தையும் போட்டுடுதே! அதுல நீ படிக்க என்ன இருக்கு?" என்று கேட்டார்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. சீட்டுப் பணம் எடுத்துக் கட்ட வேண்டிய தொகை அது. கணினியே எல்லாம் செய்யும் என்றால், மாணவர் கற்பது என்ன? வாருங்கள், பார்ப்போம்.

புள்ளிகளால் ஆன படம்

வாசலில் கோலம் போடுகிறீர்கள். முதலில் புள்ளி வைக்கிறீர்கள். ஒரு வரிசையில் இத்தனை புள்ளி, இத்தனை வரிசை என்று கணக்கு இருக்கிறது. கணக்குத் தப்பினால் கோலம் தப்பும்.

கணினித் திரையில் தெரியும் படமும் புள்ளிகளால் ஆனதுதான். கோலத்தில் புள்ளிகளைச் சுற்றிக் கோடு போகிறது. திரையில் கோடே கிடையாது. புள்ளிகள்தான் நெருங்கி நின்று கோடாகத் தெரிகின்றன. இன்று பலர் வீட்டில் இருக்கும் ஒரு வகைத் தொலைக்காட்சியில் குறுக்கே 1920 புள்ளிகள், மேலிருந்து கீழே 1080 வரிசைகள். மொத்தம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள்!

ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒளிகள் உண்டு. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். மூன்றும் முழுதாக எரிந்தால் வெள்ளை. மூன்றும் அணைந்தால் கறுப்பு. கணினி ஒவ்வொரு ஒளிக்கும் 0 முதல் 255 வரை எண் கொடுக்கிறது. இந்த எண்களை மாற்றி மாற்றி 1 கோடி 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்களைப் பெறலாம்.

எண்ணைக் கணினி பார்த்துக்கொள்ளும். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் அழகு? வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது? நிழல் எங்கே விழும்? இதை மாணவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

படம் எப்படி ஓடுகிறது?

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுங்கள். முதல் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பந்து வரையுங்கள். அடுத்த பக்கத்தில் அதே பந்தைக் கொஞ்சம் கீழே வரையுங்கள். இப்படி 20 பக்கம் வரையுங்கள். பிறகு கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று விடுங்கள். பந்து விழும்!

பந்து உண்மையில் நகரவில்லை. படங்கள் வேகமாக மாறுகின்றன. நம் கண்ணும் மூளையும் அவற்றை ஒரே அசைவாகச் சேர்த்துக்கொள்கின்றன. இதுதான் அனிமேஷன். தமிழில் அசைவூட்டம் என்பார்கள்.

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 1,29,600. முன்பு ஓவியர்கள் இவற்றைக் கையால் வரைந்தார்கள். இன்று முக்கியமான படங்களை மட்டும் மாணவர் அமைக்கிறார். இடையில் வரும் படங்களைக் கணினி கணக்குப் போட்டு நிரப்புகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேலே எறிந்த பந்து உச்சியில் தயங்குகிறது. கீழே வரும்போது விரைகிறது. தரையில் பட்டதும் சற்று நசுங்குகிறது. இரும்புக் குண்டு நசுங்காது. ரப்பர் பந்து எம்பும். இந்த வேறுபாட்டைப் பார்த்துப் பழகுவதுதான் அனிமேஷன் வகுப்பின் முதல் பாடங்களில் ஒன்று. பிறகு மனிதர் நடப்பதைப் பார்க்கச் சொல்வார்கள். சுமை தூக்கியவர் எப்படி நடக்கிறார்? வேலை முடிந்து களைத்து வருபவர் எப்படி நடக்கிறார்? பார்க்காதவரால் அதைப் படத்தில் கொண்டுவர முடியாது.

களிமண்ணும் கயிறும் துணியும்

முப்பரிமாணப் பொம்மையைக் கணினியில் செய்வது எப்படி?

முதலில் உருவம் செய்கிறார்கள். இது களிமண்ணில் பிள்ளையார் பிடிப்பது போல. அடுத்து உருவத்துக்குள் எலும்பும் மூட்டும் வைக்கிறார்கள். இது பொம்மலாட்டப் பொம்மைக்குக் கயிறு கட்டுவது போல. பிறகு தோலும் நிறமும் உடையும் போர்த்துகிறார்கள். இதற்கு உருவத்தின் மேற்பரப்பை வெட்டித் தட்டையாக விரிக்க வேண்டும். சட்டைக்குக் கை, கழுத்து, முதுகு என்று துணி வெட்டுகிறோமே, அதே வேலைதான். கடைசியில் விளக்கு வைத்துப் படமாக்குகிறார்கள்.

தலையில் மாட்டும் உலகம்

மெய்நிகர் உலகம் என்றால் என்ன? மெய் போலத் தோன்றும். ஆனால் மெய் அல்ல.

உங்கள் கட்டைவிரலை முகத்துக்கு முன்னே நீட்டுங்கள். இடது கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு வலது கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரிகிறதா? இரண்டு கண்ணும் இரண்டு விதமாகப் பார்க்கின்றன. மூளை அவற்றைச் சேர்த்து, எது அருகில், எது தொலைவில் என்று அறிகிறது.

மெய்நிகர் கருவியைக் கண்ணாடி போலத் தலையில் மாட்டுகிறார்கள். அது ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டுகிறது. தலையைத் திருப்பினால் படமும் அதற்கேற்ப மாறுகிறது. மாறுவதற்குக் கொஞ்சம் தாமதமானாலும் தலை சுற்றும்.

1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் என்பவர் இத்தகைய கருவியைச் செய்து காட்டினார். அது கூரையிலிருந்து தொங்கிய கம்பியோடு இணைந்திருந்தது. இன்றைய கருவியைக் கையில் எடுத்துச் செல்லலாம். விளையாட்டுக்கு மட்டுமல்ல, மருத்துவர்கள் அறுவைப் பயிற்சி பெறவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

நம் நாட்டில்

1956ஆம் ஆண்டு கிளேர் வீக்ஸ் என்ற அமெரிக்கர் பம்பாய்க்கு வந்தார். அவர் வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் வேலை செய்தவர். மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் நம் ஓவியர்களுக்கு அனிமேஷன் கற்றுத் தந்தார். அங்கே பயின்ற ராம் மோகன் பின்னாளில் பெரும் புகழ் பெற்றார். 2000ஆம் ஆண்டு சென்னை நிறுவனம் ஒன்று பாண்டவர் கதையை முப்பரிமாணக் கணினிப் படமாக எடுத்தது. 2014இல் 'கோச்சடையான்' வந்தது. நடிகர்களின் அசைவைக் கருவிகளால் பதிந்து, கணினி உருவத்துக்குக் கொடுத்த படம் அது.

2012இல் கர்நாடக அரசு இந்தத் தொழிலுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் வளாகம் ஒன்று பெங்களூருவில் இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள அரசு திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன் பட்டப்படிப்பு இருக்கிறது. தனியார் பயிற்சி நிலையங்களும் பல உள்ளன.

பணம் கட்டும் முன்

தனியார் நிலையங்களில் நல்லவையும் உண்டு, ஏமாற்றுபவையும் உண்டு. எனவே கேளுங்கள்:

1. தருவது பட்டமா, வெறும் சான்றிதழா? பட்டம் என்றால் எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது? அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா?

2. சொல்லித் தருபவர் யார்? அவர் செய்த படங்களைக் காட்டுவாரா?

3. ஒரு மாணவருக்கு ஒரு கணினி உண்டா? தினமும் எத்தனை மணி நேரம்?

4. இடையில் நின்றால் பணம் திரும்ப வருமா?

5. "வேலை நிச்சயம்" என்கிறார்களா? அதை எழுதித் தருவார்களா?

கடன் தாளில் கையெழுத்துப் போடும் முன் முழுவதும் படியுங்கள். புரியாத இடத்தை நிறுத்திக் கேளுங்கள். ரசீது வாங்குங்கள்.

இன்னொரு செய்தி. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. லாட்வியா என்ற சிறிய நாட்டின் இயக்குநர் ஒருவர் அதைக் கொண்டு 'ஃப்ளோ' என்ற படத்தை உருவாக்கினார். வெள்ளத்தில் சிக்கிய ஒரு பூனையின் கதை. படத்தில் ஒரு வசனம்கூட இல்லை. 2025இல் அதற்கு ஆஸ்கார் விருது கிடைத்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. ஒரு வரி எழுதினால் அது படம் வரைந்து தருகிறது. இதனால் சில வேலைகள் குறையலாம். இதையும் எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் வந்த படத்தில் நடை சரியா, நிழல் சரியா என்று சொல்ல, பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். அந்தக் கண்ணைப் பழக்குவதுதான் இந்தப் படிப்பு.

அம்மா கேட்டார்

அம்மாவும் மகளும் அந்த நிலையத்துக்குப் போனார்கள். அம்மா ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். முதல் நான்குக்கும் ஏதோ பதில் வந்தது. ஐந்தாவதற்கு, "அதெல்லாம் எழுதித் தர முடியாதும்மா. இன்னைக்கே கட்டினா கட்டணத்துல கொஞ்சம் குறைப்போம்" என்றார்கள்.

அம்மா எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் மகளின் கண் கலங்கியது. அம்மா அவள் தோளைத் தொட்டார்.

"படிக்க வேணாம்னு நான் சொல்லல கண்ணு. இங்க வேணாம்னுதான் சொல்றேன். அரசுக் கல்லூரிக்கு எப்போ விண்ணப்பம்னு பாரு. அதுவரைக்கும் தினமும் வரை. நான் துணி வெட்டறதையும் வந்து பாரு. அதையும் படமா போடு" என்றார்.

மறுநாள் காலை அம்மா வாசலில் புள்ளி வைத்தார். மகள் நோட்டுப் புத்தகத்தோடு படியில் உட்கார்ந்தாள். அம்மாவின் கை எங்கே விரைகிறது, எங்கே தயங்குகிறது என்று பார்த்துப் பார்த்து வரையத் தொடங்கினாள்.

சிந்தியுங்கள்

1. கணினி செய்யும் வேலை எது? மாணவர் செய்யும் வேலை எது?

2. உங்கள் ஊரில் பயிற்சி நிலையம் இருக்கிறதா? அங்கே போனால் முதலில் என்ன கேட்பீர்கள்?