மூன்று கண் புரொஜெக்டர்

பழைய சி.ஆர்.டி. புரொஜெக்டருக்கு மூன்று கண் உண்டு தெரியுமா? சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பிக்சர் டியூப். மூன்று படமும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தால்தான் முழுக் கலர் கிடைக்கும். சேர்த்து வைப்பது கன்வர்ஜென்ஸ் போர்டு. அது கெட்டால் எழுத்தைச் சுற்றி கலர் கலராக நிழல் தெரியும்.

உடனே போர்டைத் தூக்கிப் போடணுமா? வேண்டாம்! பல நேரம் கெடுவது சின்னப் பொருள்தான். சூட்டில் ஈயப் பற்று விரிசல் விடும். திரும்பப் பற்று வைத்தால் சரியாகிவிடும். கெப்பாசிட்டர் காய்ந்துபோகும் அல்லது உப்பிவிடும். அதே அளவில் புதுசு போடணும், பிளஸ் மைனஸ் மாறக் கூடாது.

போர்டே கருகிப்போனால் முழுசா மாற்றணும். புது போர்டு இப்போ தயாராவதில்லை. அதே மாடல் பழைய புரொஜெக்டரில் இருந்து எடுத்துப் போடுவாங்க. பிறகு மூன்று படத்தையும் மறுபடி சேர்க்கணும்.

எச்சரிக்கை! டியூப்புக்குப் போவது சுமார் 30,000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும். 2006 முதல் அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டி.வி.யிலும் பிக்சர் டியூப்தான், அதே ஆபத்துதான். வீட்டில் சும்மா கிடக்குதேன்னு மூடியைக் கழற்றாதீங்க. தொழில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்க.

பொருளும் பிழைக்கும், நாமும் பிழைப்போம்!

– 9ஆம் வகுப்பு மாணவி