தென்கடலுக்கு மேலே ஒரு சின்ன மேகம்

நம் பால்வெளிக்கு அருகிலுள்ள இரண்டு குட்டி விண்மீன் திரள்களான மகெல்லன் மேகங்களைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்குத்தான் போகவேண்டுமா என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டு எழுதியிருக்கிறார். வேண்டாம் மகளே, தேங்காய்ப்பட்டணம் கடற்கரை போதும். டில்லிக்காரர்களுக்கு அவை தொடுவானத்தைத் தாண்டி மேலே வருவதே இல்லை. நாம் 8 பாகை அட்சரேகையில் இருப்பதால் பெரிய மேகம் 12 பாகை உயரம் வரை ஏறுகிறது. சிறியது 9 பாகையைத் தொடுகிறது.

மழைக்காலம் ஓய்ந்து, ஜனவரி நடுவில், நிலவில்லாத இரவு எட்டு மணிக்குத் தெற்கே பாருங்கள். அகத்திய நட்சத்திரத்துக்கு வலப்பக்கம் சற்றுக் கீழே வெளிறிய திட்டாகத் தெரிவது பெரிய மேகம், 1,60,000 ஒளியாண்டு தொலைவு. அதற்கும் வலப்பக்கம், நீரை ஒட்டி, மிக மங்கலாகச் சிறியது, 2,00,000 ஒளியாண்டு. இதற்குப் பைனாகுலர் தேவைப்படும்.

என்னை ஈர்ப்பது அந்தச் சிறியதுதான். 15 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பெரியதன் மிக அருகே உரசிப் போனது. பெரியதன் ஈர்ப்பு அதன் வாயுவைப் பிடித்து இழுத்தது. தேனடையை இரண்டாகப் பிட்டால் நடுவில் தேன் நூலாக நீளும் அல்லவா, அப்படி இரண்டுக்கும் இடையே ஹைட்ரஜன் இழுபட்டுக் கிடக்கிறது. 1963இல் ஆஸ்திரேலிய ரேடியோ வானியலாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 'மகெல்லன் பாலம்' என்று பெயர். வியப்பு என்னவென்றால், பிய்ந்துபோன அந்த வாயுவிலேயே புது நட்சத்திரங்கள் பிறந்திருக்கின்றன! சிறிய மேகமும் உருக்குலைந்து, நம் பார்வைத் திசையில் நீளவாக்கில் கிடக்கிறது. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அன்னபூரணி சுப்பிரமணியமும் அவருடைய குழுவினரும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இந்த மங்கலான மேகம் உலகுக்குச் செய்த உதவி பெரிது. இதிலுள்ள 25 மாறொளி நட்சத்திரங்களை வைத்து, ஒளி கூடிக் குறையும் காலத்துக்கும் உண்மைப் பிரகாசத்துக்கும் உள்ள தொடர்பை வானியலாளர் ஹென்றியேட்டா லெவிட் 1912இல் வெளியிட்டார். உண்மைப் பிரகாசம் தெரிந்தால் தொலைவை அளந்துவிடலாம்; ஆந்திரமேடா விண்மீன் திரள் நம் பால்வெளிக்கு வெளியே இருப்பதை வானியலாளர் ஹபிள் நிறுவியது அந்த அளவுகோலால்தான்.

இவ்வளவு அருமையான காட்சியை நாமே அழித்துக்கொண்டிருக்கிறோம். கடற்கரை ஊர்களில் புதிதுபுதிதாக ஹைமாஸ்ட் விளக்குகள் நிற்கின்றன. பாதைக்கு வெளிச்சம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒளியில் ஒரு பகுதி வானத்துக்குத்தான் போகிறது. அந்த மின்சாரத்துக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: கடலோர விளக்குகளுக்கு மேல்மூடி போடுங்கள், வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புங்கள்.