வனவியல் ஆய்வு முன்னுரிமைகளும் முன்னாய்வுகளும்: விருத்தாசலம் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
வனவியலில் ஒரு வினாவை முன்னுரிமை ஆய்வாக அறிவிக்குமுன் அதனை முன்னாய்வுகளோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். அப்பொருத்தம் மரத்தின் பெயரளவில் நின்றுவிடாது, மண், மழை ஆகிய களச்சூழலையும் தழுவி அமைய வேண்டும் என்பதை முந்திரி, தைலமரம் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வு முன்னுரிமை, முன்னாய்வு, முந்திரி, தைலமரம், விருத்தாசலம்.

முன்னுரை
பீங்கான் தொழிலால் அறியப்படும் விருத்தாசலத்தைச் சூழ்ந்த செம்மண் நிலங்களில் முந்திரியும் தைலமரமும் பரவலாக வளர்கின்றன. 1974இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் இப்பகுதியில் இவற்றை வளர்த்து வருகிறது. ஆகவே இவை பற்றிய வினாக்கள் வனவியலுக்கும் உரியன.

துறை எல்லை
முந்திரி வனநிலத்தில் வளரினும், அதுபற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தோட்டக்கலை இதழ்களிலேயே வெளிவருகின்றன. விருத்தாசலத்திலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. 3 முதலிய இரகங்களை வெளியிட்டுள்ளது. இளந்தண்டு ஒட்டுமுறையும் நன்கு நிறுவப்பட்டதாகும். வனவியல் தரவுத்தளங்களை மட்டும் தேடுவோர்க்கு இவற்றுட் பல புலப்படா. அதனால் விடை கிடைத்துவிட்ட வினா மீண்டும் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெறக்கூடும். இத்தகைய வினாக்களுக்குத் தேவைப்படுவது விரிவாக்கப் பணியே.

களச்சூழல்
தைலமரம் நிலத்தடி நீரைக் குறைக்குமா என்னும் வினாவின் நிலை வேறு. கருநாடகத்தின் வறண்ட பகுதிகளில் இயன் கால்டர் குழுவினர் நிகழ்த்திய ஆய்வுகள் 1990களில் வெளிவந்தன. மண் ஆழம் குறைந்த களத்தில் இளந்தைலமரங்களின் நீர்ப்பயன்பாடு, உலர் இலையுதிர் காட்டினதை விஞ்சவில்லை. ஹொசகோட்டேயின் ஆழ்ந்த மண்ணிலோ அது பெய்த மழையளவையே விஞ்சியது. வேர்கள் மேன்மேலும் கீழிறங்கி, மண்ணில் முன்பே தேங்கியிருந்த நீரை உறிஞ்சியமையே இதற்குக் காரணம். இவ்விரு முடிவுகளுள் ஒன்றை மட்டும் மேற்கோளாக்கினால், எதிரெதிரான இரு தீர்ப்புகளையும் வழங்கிவிடலாம்.

விருத்தாசலத்திற்கு எது பொருந்தும் என்பதை இங்குள்ள மண்ணின் ஆழத்தையும் வேரின் ஆழத்தையும் அளந்தே கூற இயலும். நெய்வேலி நிலத்தடி நீர்த்தாங்கிகளுக்கு மழைநீர் உட்புகும் பரப்பின் ஒரு பகுதி விருத்தாசலம் பக்கமாக அமைந்துள்ளது. சுரங்கப் பாதுகாப்பிற்காக அந்நீர் தொடர்ந்து இறைக்கப்பட்டும் வருகிறது. எனவே தைலமரத்தின் நீர்ப்பயன்பாட்டை இங்கேயே அளவிடுதல் உண்மையான முன்னுரிமையாகிறது.

முடிவுரை
பொருத்திப் பார்த்தலின் விளைவுகளை மூன்றாக வகுக்கலாம்:
1. விடை உண்டு, சூழலும் ஒக்கும் எனின் விரிவாக்கம்.
2. விடை உண்டு, சூழல் வேறுபடும் எனின் உள்ளூர் அளவீடு.
3. விடை இல்லை எனின் புதிய ஆய்வு.

கட்டுரைகளின் எண்ணிக்கை மிகுதி, ஒரு வினா தீர்ந்தது என்பதற்குச் சான்றாகாது. முன்னுரிமைப் பட்டியல் வகுப்போர் ஒவ்வொரு வினாவிற்கும் எதிரே, முன்னாய்வு நிகழ்ந்த துறையையும் களத்தின் மண், மழை விவரங்களையும் குறித்தல் வேண்டும்.