வண்டி ஓட்டுறது நாம, பாதையைச் சரி பண்றது யாரு?

எங்க பாஜா டீம் வண்டி முதல் தடவையா ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்த நாள். முந்தின நாள் ராத்திரி முழுக்க மழை. காலேஜ் பின்பக்கம் இருக்கிற மண் கிரவுண்டில் ரெண்டு மணி நேரம் விடாம ஓட்டினோம். சஸ்பென்ஷன் தாங்குச்சு, எங்களுக்குத் தலைகால் புரியலை. அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போனா, எங்க டயர் போன தடம் ரெண்டும் வாய்க்காலா மாறி, ஒரு ஓரத்து மண்ணே சரிஞ்சு கிடந்தது. கிரவுண்டைப் பார்த்துக்கிற அண்ணன் திட்டக்கூட இல்லை. "ஓட்டினது நீங்க தம்பி, மண்ணு கொட்டப்போறது யாரு?"னு மட்டும் கேட்டார். எங்க யார்கிட்டயும் பதில் இல்லை.

பாஜா தெரியாதவங்களுக்கு: ஒரே ஒரு ஆள் ஓட்டுற ஆஃப்-ரோடு வண்டியை மாணவர்களே டிசைன் பண்ணி, வெல்டிங் பண்ணி, ரேஸில் விடுற போட்டி. 1976-ல் அமெரிக்காவில் தொடங்கினது. அதில் சேல்ஸ் பிரசன்டேஷன்னு ஒரு ரவுண்டு உண்டு. "இந்த வண்டியை யார் வாங்குவாங்க, எங்கே ஓட்டுவாங்க?"னு ஜட்ஜுக்குச் சொல்லணும். அதுக்காகத் தேட ஆரம்பிச்சு நான் போய் நின்ன இடம் அமெரிக்காவின் தேசிய வனங்கள். அங்கே இதே கேள்வி பல லட்சம் கிலோமீட்டர் அளவில் ஓடிக்கிட்டிருக்கு.

காடு யாரோடது?

அமெரிக்க வனத்துறை 1905-ல் உருவானது. விவசாயத் துறையின் கீழ் வருது. அதன் கையில் இருக்கிற நிலம் சுமார் 19.3 கோடி ஏக்கர். தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு. தேசியப் பூங்கா வேற, தேசிய வனம் வேற. பூங்காவின் முதல் வேலை பாதுகாப்பு. வனத்துக்கு 1960-ல் வந்த சட்டப்படி பல வேலை: மரம், தண்ணீர், மேய்ச்சல், வனவிலங்கு, பொழுதுபோக்கு எல்லாமே. அதனால் ஜீப், டர்ட் பைக், ஏடிவி வச்சிருக்கிறவங்க "இது பொது நிலம், எனக்கும் பங்கு இருக்கு"னு கேட்கிறது நியாயம்தான்.

ஆனா "எங்கே வேணும்னாலும் ஓட்டலாம்"னு அர்த்தம் இல்லை. 1972-ல் அதிபர் நிக்சன் ஒரு உத்தரவு போட்டார்: எந்தப் பாதையில் வண்டி போகலாம், எதில் கூடாதுன்னு துறைகள் பிரிச்சுச் சொல்லணும், மண், நீர்நிலை, விலங்கு, மத்த மனுஷங்க எல்லாருக்கும் பாதிப்பு குறையுற மாதிரி பாதையைத் தேர்ந்தெடுக்கணும். 1977-ல் கார்ட்டர் இன்னும் ஒரு படி போனார். பெரிய சேதம் நடந்தா அந்தப் பாதையை உடனே மூடணும்னு சேர்த்தார்.

உத்தரவு இருந்தும் பல வனங்களில் "மூடியிருக்குன்னு போர்டு இல்லைன்னா திறந்திருக்கு"ங்கிற பழக்கமே தொடர்ந்தது. வண்டிகள் பெருக, யாரும் போடாத தடங்களும் பெருகின. 2005-ல் வந்த விதி இதைத் தலைகீழாக்குச்சு. இப்போ ஒவ்வொரு வனமும் ஒரு மேப் வெளியிடணும். மேப்பில் இருந்தா ஓட்டலாம். இல்லைன்னா, அங்கே போர்டு இல்லாட்டியும் ஓட்டக்கூடாது. எந்த வகை வண்டி, எந்த மாசம்னுகூட அதில் இருக்கும். நிறைய பாதைகளுக்கு 50 அங்குல அகலம்தான் உச்சவரம்பு. இன்னைக்கு விற்கிற சைடு-பை-சைடு வண்டிகளில் பல 60 அங்குலத்தைத் தாண்டும். நாம டிராக் விட்த்தை ஸ்டெபிலிட்டிக்காக மட்டும் முடிவு பண்றோம். அந்த ஒரு நம்பர், வண்டிக்கு எந்தப் பாதை கிடைக்கும்னும் முடிவு பண்ணுது.

மண்ணுக்குள்ள இருக்கிற கணக்கு

சரி, சேதம் எப்படி நடக்குது? செகண்ட் இயர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் இங்கேதான் வேலைக்கு வருது.

ஈர மண்ணில் டயர் ஓடும்போது ரெண்டு விஷயம் நடக்குது. எடையால் மண் இறுகுது, அதனால் தண்ணீர் உள்ளே இறங்காது. டயர் ஸ்லிப் ஆகும்போது மேல்மண் வெட்டுப்பட்டுப் பின்னாடி தள்ளப்படுது. ரெண்டும் சேர்ந்தா டயர் தடம். அது வெறும் பள்ளம் இல்லை, ஒரு சேனல்.

ஓடுற தண்ணீர் தரையை அரிக்கிற ஷியர் ஸ்ட்ரெஸ் = நீரின் அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் × ஆழம் × சரிவு. பாதை முழுக்கப் பரவி ஓடும்போது தண்ணீரின் ஆழம் 2 மில்லிமீட்டர்னு வைங்க. அதே தண்ணீர் தடத்துக்குள்ள சேர்ந்து 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடினா? சரிவு அதேதான், மழையும் அதேதான், ஆனா அரிக்கிற விசை 25 மடங்கு. எங்க கிரவுண்டு ஒரு வாரத்தில் வாய்க்காலானதுக்குக் காரணம் இதுதான். நாங்க பள்ளத்தைத் தொடங்கி வச்சோம், மீதியை மழை பார்த்துக்கிச்சு.

இதுக்குத் தீர்வு புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பாதையைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ச்சுப் போடுவாங்க. குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு மென்மையான இறக்கமும் ஏற்றமும் வச்சு, ஓடி வர்ற தண்ணீரைப் பக்கவாட்டில் காட்டுக்குள்ள திருப்பி விடுவாங்க. ஓடை குறுக்கே வந்தா பாலமோ குழாயோ போடுவாங்க. ஆழம் சேர விடாம தண்ணீரை வெளியேத்துறதுதான் மொத்த ரகசியம்.

சிக்கல் என்னன்னா, வண்டி ஓட ஓட அந்த மேடு தேயும், குழாய் அடைச்சுக்கும். ஒவ்வொரு சீசனும் யாராவது போய்ச் சரி பண்ணணும். நம்ம ஊரில் ஏரி வெட்டினவர் பேர் கல்வெட்டில் இருக்கும். வருஷா வருஷம் தூர்வாரினவங்க பேர் எங்கேயும் இருக்காது. ஆனா ஏரி உயிரோட இருக்கிறது தூர்வாரினவங்களால்தான். பாதையும் அப்படித்தான்.

தூர்வாராம விட்டா? பாதை நடுவே தண்ணீர் தேங்கும். வர்றவங்க அதைச் சுத்தி ஓட்டுவாங்க. பாதை அகலமாகும், பக்கத்துச் செடி போகும், அடுத்த மழைக்கு அங்கேயும் தடம். அரிச்ச வண்டல் ஓடையில் இறங்கி, மீன் முட்டையிடுற கூழாங்கல் இடுக்கை அடைக்கும். அந்த நிலைமைக்கு வந்த பாதையைச் சட்டப்படி மூடித்தான் ஆகணும். மூடினா அங்கே போன வண்டியெல்லாம் பக்கத்துப் பாதைக்கு வரும். அது இன்னும் சீக்கிரம் கெடும். கன்ட்ரோல் சிஸ்டம் படிச்சவங்களுக்கு இது என்ன ஃபீட்பேக்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

காசு எங்கே போச்சு?

வனத்துறை பொறுப்பில் இருக்கிற ரோடு மட்டும் சுமார் 3,70,000 மைல். பூமியை 15 தடவை சுத்திடலாம். பெரும்பாலானவை மரம் வெட்டுற காலத்தில் போட்டவை. மர வியாபாரம் குறைஞ்சது, ரோடு அப்படியே இருக்கு.

அடுத்தது நெருப்பு. 1995-ல் வனத்துறை பட்ஜெட்டில் 16 சதவீதம் காட்டுத்தீக்குப் போச்சு. 2015-ல் அது பாதியைத் தாண்டிடுச்சு. தீ எரியும்போது "பாதை ரிப்பேருக்கு வச்ச காசைத் தொடாதே"ன்னு யாரும் சொல்ல முடியாது. 1998-க்கும் 2015-க்கும் நடுவில் தீ அல்லாத வேலை பார்க்கிறவங்க எண்ணிக்கை 39 சதவீதம் குறைஞ்சது. பெரிய தீ வருஷங்களுக்குத் தனி நிதி 2020-லிருந்துதான் கிடைச்சது. 2025 பிப்ரவரியில் இன்னொரு அடி: தகுதிகாண் காலத்தில் இருந்த சுமார் 3,400 வனத்துறை ஊழியர்களை அரசு வேலையை விட்டு அனுப்புச்சு. வழக்கு, மேல்முறையீடுன்னு போய் ஒரு பகுதியினர் திரும்பினாங்க.

செய்யாம விட்ட ரிப்பேர் எல்லாம் அரியர் மாதிரி. இந்த செமஸ்டரில் எழுதலைன்னா அடுத்த செமஸ்டர் பேப்பரோட சேர்ந்து நிக்கும். வனத்துறையின் அரியர் 800 கோடி டாலருக்கு மேல். 2020-ல் வந்த ஒரு சட்டம் அதைக் குறைக்க வருஷத்துக்கு அதிகபட்சம் 28.5 கோடி டாலர் கொடுத்தது, அதுவும் 5 வருஷத்துக்கு. வகுத்துப் பாருங்க, கணக்கு எவ்வளவு தூரத்தில் இருக்குன்னு தெரியும்.

இதுக்கு நடுவில் ஒரு முரண். 2001-ல் வந்த விதி 5.85 கோடி ஏக்கரில் புது ரோடு போடுறதுக்குத் தடை போட்டது. அந்த விதியை நீக்கப் போறதா 2025 ஜூனில் விவசாயத் துறை அறிவிச்சது. இருக்கிற ரோட்டையே பராமரிக்க முடியலை, புதுசு யார் பார்ப்பாங்கன்னு ஒரு கேள்வி வருமில்லையா?

ஓட்டுறவங்களே கொடுத்தா?

இது ஓரளவு நடக்குது. ரோட்டுக்கு வெளியே ஓடுற வண்டிக்குப் போடுற பெட்ரோலிலும் வரி இருக்கு. அதில் ஒரு பங்கைப் பாதைகளுக்கே திருப்பித் தர்ற திட்டம் 1991-லிருந்து இருக்கு. 30 சதவீதம் மோட்டார் பாதைக்கு, 30 நடை, சைக்கிள், குதிரைப் பாதைக்கு, 40 ரெண்டுக்கும் பொதுவான பாதைக்கு. கலிபோர்னியா இன்னும் முன்னாடியே, 1971-லேயே சட்டம் போட்டுடுச்சு. வண்டிக்குப் பச்சை ஸ்டிக்கர் வாங்கணும். அந்தக் கட்டணமும் பெட்ரோல் வரிப் பங்கும் ஒரு தனி நிதிக்குப் போய், பாதைப் பராமரிப்புக்கு மானியமா வருது.

இது எவ்வளவு முக்கியம்னு புரிய ரூபிகான் பாதையைப் பாருங்க. ஆமா, ஜீப் மாடலுக்குப் பேர் கொடுத்த அதே ரூபிகான். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், டாஹோ ஏரி பக்கம், பாறை மேல ஏறி இறங்குற வழி. 2009-ல் மாநிலத்தின் நீர்த்தர வாரியம் ஒரு உத்தரவு போட்டது: ஓடைகளில் வண்டல், எண்ணெய், மனிதக் கழிவு சேருது, சரி பண்ணுங்கன்னு எல் டொராடோ கவுண்டிக்கும் வனத்துறைக்கும். மூடிடுவாங்களோன்னு எல்லாரும் பயந்தாங்க. மூடலை. பாலம் கட்டினாங்க, தண்ணீர் வடியுற இடங்களைக் கல் போட்டு இறுக்கினாங்க, கழிப்பறை வச்சாங்க. மானியம் வந்தது. லீவு நாளில் மண்வெட்டியோட வந்து நின்னதில் நிறைய பேர் அங்கே ஜீப் ஓட்டுறவங்கதான்.

ஆனா எல்லாத்துக்கும் இதுவே பதில்னு நான் சொல்லமாட்டேன். ரூபிகான் உலகப் புகழ் பெற்ற பாதை, அதுக்கு ஆள் வருவாங்க. பேர் தெரியாத ஆயிரம் காட்டு ரோட்டுக்கு யார் வருவா? அங்கே, "பராமரிக்க முடியாத ரோட்டை மூடி மரம் வளர விடுங்க"ன்னு சூழலியலாளர்கள் சொல்றதில் பலமான நியாயம் இருக்கு. "மூடினா நெரிசல் எங்க தலையில்தான் விழும்"னு வண்டிக்காரங்க சொல்றதும் பொய் இல்லை. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு உண்டு. வாய்க்கால் வெட்டத் தெரிஞ்ச வனத்துறை ஆள் இல்லைன்னா ரெண்டு பேரும் தோத்துடுவாங்க. மூடின பாதையைக் காக்கவும் ஆள் வேணும், திறந்த பாதையைக் காக்கவும் ஆள் வேணும்.

எங்க சேல்ஸ் பிரசன்டேஷனில் கடைசியா ஒரு ஸ்லைடு சேர்த்தோம்: வண்டி அகலம் 50 அங்குலத்துக்குள்ள ஏன் இருக்கணும், ஈர மண்ணில் வீல் ஸ்லிப் எவ்வளவு. ஜட்ஜ் ஒருத்தர் அதில் மட்டும் நாலு கேள்வி கேட்டார்.

அப்புறம் கிரவுண்டு. ஒரு சனிக்கிழமை ஏழு பேர் சேர்ந்து தடத்தை மூடி, குறுக்கே மூணு இடத்தில் மேடு போட்டுத் தண்ணீரைப் பக்கத்துப் புல்லுக்குத் திருப்பினோம். முதல் மேடு ரெண்டே மழையில் கரைஞ்சு போச்சு, சரிவைத் தப்பாக் கணிச்சிருந்தோம். மத்த ரெண்டும் நிக்குது. நாங்க பாஸ்-அவுட் ஆகிப் போயிடுவோம். ஜூனியர்ஸ், வண்டி சாவியோட மண்வெட்டியும் ஒர்க்‌ஷாப்பில்தான் இருக்கு, கதவுக்குப் பின்னாடி.